இணைப்புத் திசு நோயும் தளரும் இதயமும்

இதயம் ஒரு தசைத்திரள் என்று பள்ளியில் படித்தோம். பருமனளவில் அது மெய்தான். இதயச் சுவரின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பவை துடிக்கும் தசையணுக்களே. ஆனால் உயிரணுக்களை எண்ணிப் பார்த்தால் தசையணுக்கள் பாதிக்கும் குறைவு. நுண்நாளங்களின் உட்சுவர் அணுக்களும், நாரிழை நெய்யும் அணுக்களும், காவல்புரியும் நோயெதிர்ப்பு அணுக்களும் சேர்ந்தே அங்குப் பெரும்பான்மை. கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒவ்வொரு தசையணுவையும் சுற்றிப் படர்ந்து, அடுத்த அணுவோடு அதைப் பிணைத்து, இடையே ஓடும் தந்துகிகள் நசுங்காதபடி தாங்கியும் நிற்கின்றன. இந்தப் பின்னல் இல்லையென்றால் தனித்தனியே துடிக்கும் அணுக்கள் இருக்கும். குருதியை உந்தும் உறுப்பு இராது.

இணைப்புத் திசு எனப்படும் இந்தப் பின்னலையும் அதனூடே செல்லும் நாளங்களையும் நம் நோயெதிர்ப்பு ஆற்றலே அயற்பொருளாகக் கருதித் தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்கும் இணைப்புத் திசு நோய்கள் என்கிறோம். முடக்குவாதம், லூப்பஸ், ஸ்கிளிரோடெர்மா எனப்படும் தோல் இறுக்க நோய், தசையழற்சி நோய்கள், ஷோக்ரன் நோய் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. வீங்கிய மூட்டு, கன்னத்துச் செந்தடிப்பு, இறுகிய விரல்தோல் என்று வெளியே தெரியும் குறிகளால் இவை பெயர்பெற்றன. நோயாளியின் கவலையும் மருத்துவரின் கண்ணும் அவ்வெளிக்குறிகளிலேயே தங்கிவிடுகின்றன. இதயம் அமைதியாகக் கெடுகிறது. ஒருநாள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வரும்போது, இதயச் செயலிழப்பு என்ற ஒரே பெயர் அவர்கள் எல்லோருடைய நோய்க்குறிப்பிலும் எழுதப்படுகிறது. அந்த ஒரு பெயரின்கீழ் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும் அளவுக்கு வேறுபட்ட நோய்நிலைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றை முதல் நாளிலேயே பிரித்தறிவதைப் பொறுத்தே அந்நோயாளியின் பிழைப்பு அமைகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொண்டைப்புண்ணுக்குப் பின்வரும் வாதக் காய்ச்சல் சிறுவர்களின் இதய வால்வுகளைக் கெடுப்பதை நம் நாட்டினர் நன்கறிவர். அதற்குத் தொடக்கம் ஒரு நுண்ணுயிர்த் தொற்று. பெயரில் வாதம் என்று இருந்தாலும் முடக்குவாதம் அதனின் வேறானது. தொற்று நீங்கிய பிறகு மிஞ்சும் வடுவாக அது வருவதில்லை, ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சியாக வருகிறது.

நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் இமானுவேல் லிப்மன், பெஞ்சமின் சாக்ஸ் என்னும் இருவர் 1924ஆம் ஆண்டில் நான்கு நோயாளரின் இதயங்களை விவரித்தனர். வால்வு இதழ்களில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள மருக்கள் படர்ந்திருந்தன. அவை இதழின் மேற்பரப்பில் மட்டுமன்றி அடிப்புறத்திலும், இதழும் சுவரும் கூடும் மடிப்பிலும் ஒட்டியிருந்தன. நுண்ணுயிர் தாக்கிய வால்வுகளில் காணும் சிதைவு அங்கில்லை; நுண்ணுயிரும் இல்லை. நோயாளரிடம் தோல் தடிப்பும் மூட்டுவலியும் சிறுநீரகக் கேடும் காணப்பட்டன. அம்மருக்கள் லூப்பஸ் நோயின் இதய முகம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் பால் கிளெம்பரர் 1942இல் தம் உடனாய்வாளரோடு ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். ஒரு நோய்க்கு இருப்பிடம் ஓர் உறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. உடலெங்கும் பரவிய இணைப்புத் திசுவே நோயின் இருப்பிடமாகலாம் என்றார் அவர். பாஸ்டனில் சோமா வைஸும் அவர் குழுவினரும் தோல் இறுக்க நோயாளரின் இதயத் தளர்ச்சியைத் தனியொரு நோயாக விவரித்த கட்டுரை மறு ஆண்டே வெளியாயிற்று. இதயத்துக்குள் இந்நோய்கள் நுழையும் வழி அன்றே காட்டப்பட்டுவிட்டது.

தோல் இறுக்க நோயில் இதயத்துக்கு நேர்வதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இந்நோயால் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்த முடிவுகள் 1976இல் வெளியாயின. இதயத்துக்குக் குருதி தரும் பெரிய தமனிகள் திறந்தே இருந்தன; அடைப்பு ஏதுமில்லை. ஆயினும் தசைச் சுவரில் ஆங்காங்கே வடுத்திட்டுகள். அருகே அண்மையில் மடிந்த தசையணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் குறுக்கே அடர்ந்த பட்டைகள் தெரிந்தன. குருதி முற்றும் நின்றுபோய், அணு இறக்கும் தறுவாயில் மீண்டும் குருதி பாய்ந்தால் அத்தகைய பட்டைகள் தோன்றும். ஆகவே பெருந்தமனிகள் எவ்வித அடைப்புமின்றி இருக்க, கண்ணுக்குத் தெரியாத சிறு நாளங்கள் இறுகி மூடித் திறந்து, மீண்டும் இறுகி மூடித் திறந்திருக்கின்றன. குளிரில் இந்நோயாளரின் விரல்நுனிகள் வெளிறி நீலமாகிச் சிவப்பதை ரேனோ நிகழ்வு என்பர். அந்நிகழ்வே இதயத்துக்குள்ளும் நடக்கிறது. ஆஞ்சியோ படத்தில் தமனிகள் நலமாக உள்ளன என்று சொல்லி அனுப்பிவைக்கப்பட்ட நோயாளியின் இதயம், அடுத்த ஆண்டு நாரேறி விறைத்து நிற்பதன் காரணம் இதுதான்.

இதே நோயில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்கிறது. அப்போது தளர்வது வலப்பக்க இதயம். கால் வீங்கும், வயிறு உப்பும், கழுத்து நாளம் புடைக்கும். ஆனால் இடப்பக்க இதயத்துக்கென எழுதப்பட்ட மருந்துமுறை இவருக்குப் பொருந்தாது. சிறுநீர்ப்பெருக்கியை மிகுத்தால் ஏற்கெனவே குறைவாக நிரம்பும் இடப்பக்க அறை மேலும் வற்றிக் குருதியழுத்தம் சரியும்.

முடக்குவாதம் வேறு வழியில் வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்னும் மாவட்ட மக்களின் மருத்துவப் பதிவுகள் பல்லாண்டுகளாகத் தொகுக்கப்பட்டு வருகின்றன. அவற்றைக்கொண்டு 2005இல் வெளிவந்த ஆய்வு, முடக்குவாதம் தொடங்கிய 30 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 34 பேருக்கு இதயச் செயலிழப்பு ஏற்பட்டதையும், முடக்குவாதம் இல்லாத ஒத்த அகவையினரில் அது 25 பேர் அளவில் நின்றதையும் காட்டியது. மாரடைப்பு, உயர் குருதியழுத்தம் முதலிய அறிந்த காரணங்களைக் கழித்த பின்னும் வேறுபாடு மறையவில்லை. அழற்சியே தன்னளவில் இதயத்தைத் தளர்த்துகிறது என்பதற்கு இது சான்று. கொழுப்பின் அளவும் இவர்களிடம் மருத்துவரை ஏமாற்றும். அழற்சி கடுமையாக இருக்கும்போது குருதியில் கெட்ட கொழுப்பு குறைந்து காணப்படும். அதே வேளையில்தான் இதய நோய்க்கான இடர் மிகுந்திருக்கும்.

அழற்சி தசையை எப்படி விறைக்கச் செய்கிறது என்பதற்கு வால்டர் பவுலஸ், கார்ஸ்டன் சோப்பே இருவரும் 2013இல் ஒரு விளக்கம் அளித்தனர். உடல் முழுதும் பரவிய அழற்சி, இதய நுண்நாளங்களின் உட்சுவரைத் தூண்டிக் கிளர்த்துகிறது. அச்சுவர் வழக்கமாகச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. அந்தக் குறிப்பு எட்டாத தசையணுவுக்குள், சுருளாக இருந்து நெகிழ்ச்சி தரும் டைட்டின் என்னும் பெரும்புரதம் விறைக்கிறது. கூடவே நாரிழையும் பெருகுகிறது. இதயம் நன்றாகவே சுருங்கும். ஆனால் தளர்ந்து விரியாது. எக்கோ ஆய்வில், ஒரு துடிப்பில் இதய அறை வெளியேற்றும் குருதியின் பங்கைக் குறிக்கும் உந்துவிகிதம் 55 அல்லது 60 விழுக்காடு என்று வரும். அவ்வெண்ணை மட்டும் பார்ப்பவர் இதயம் நலமென்று எண்ணிவிடுவார். முடக்குவாத நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகைச் செயலிழப்பே.

லூப்பஸோ எல்லா வாயில்களிலும் நுழையும். இதய உறையில் நீர் கோக்கும். வால்வில் மரு வளரும். சிறுநீரகம் கெட்டு உப்பும் நீரும் உடலில் தேங்கும். உறைவைத் தூண்டும் எதிர்ப்பொருள்களால் நாளத்தில் குருதிக்கட்டி அடைக்கும். நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவானோரிடம் இதயத் தசையே நேரடியாக அழற்சியுறும். அந்நிலையில் உரிய நாளில் ஸ்டீராய்டு செலுத்தினால் சரிந்த உந்துவிகிதம் சில வாரங்களில் மீள்வதுண்டு. இதய மருத்துவத்தில் இத்தகைய மீட்சி அரிது. அதனால்தான் இதைத் தவறவிடக்கூடாது என்கிறேன். தமனி அடைப்பும் லூப்பஸ் நோயாளருக்கு மிக முன்னதாகவே வருகிறது. கனடாவின் டொராண்டோவில் மரே யூரோவிட்ஸ் 1976இல் சுட்டிக்காட்டியபடி, இந்நோயில் இறப்புகள் இரு பருவங்களில் நேர்ந்தன: தொடக்க ஆண்டுகளில் நோயின் சீற்றத்தாலும் தொற்றாலும், பின்னாளில் இதயத் தமனி அடைப்பாலும். பிட்ஸ்பர்க்கில் சூசன் மான்சி குழுவினர் 1997இல் வெளியிட்ட கணக்கில், 35 முதல் 44 அகவையுள்ள லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஒத்த அகவைப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் புறப்படும் அகவை அது. அவர்களில் ஒருவர் நெஞ்சுவலி என்று வந்தால் மாரடைப்பை முதலில் எண்ண வேண்டும்.

தசையழற்சி நோயில் இதயத் தசையும் அழலக்கூடும். அங்குக் கவனிக்கத் தக்கது ஒன்று: சிதைந்து புதிதாக வளரும் கை, கால் தசைகளே ட்ரோபோனின் டி என்னும் புரதத்தைக் குருதியில் விடும். ஆகவே அச்சோதனை உயர்ந்திருப்பது இதயக் கேட்டுக்குச் சான்றாகாது. ட்ரோபோனின் ஐ சோதனையே நம்பத்தக்கது.

இனி மருத்துவமனைப் படுக்கையருகே வருவோம். இருபது ஆண்டு முடக்குவாதம் உள்ள ஒரு பெண்மணி மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்படுகிறார் என்று கொள்வோம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதா என்று கேட்டால், முழங்கால் வலியால் படியேறியே பல ஆண்டாயிற்று என்பார். நடந்தால் தெரியும் குறியை, நடக்க முடியாமை மறைத்துவிட்டது. கணுக்கால் வீக்கத்தை அவரும் வீட்டாரும் மூட்டுவாதம் என்றே நினைத்திருப்பர். நெஞ்சில் குழல் வைத்தால் இரு நுரையீரல்களின் அடியிலும் நெரிநெரிப்பு கேட்கும். அது தேங்கிய நீரா, நுரையீரலில் படிந்த நாரிழையா, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தால் புகுந்த தொற்றா? மூன்றும் ஒரே ஒலியைத் தரலாம். செயலிழப்பைக் காட்டும் பி.என்.பி. என்னும் குருதிக் குறியீடும் முடக்குவாதத்தில் இதயத் தளர்ச்சி இல்லாமலே சற்று உயர்ந்திருப்பதுண்டு. செயற்கை மூச்சுக்குழல் செருக நேர்ந்தால் வேறோர் இடர் காத்திருக்கிறது. முடக்குவாதம் கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளின் பிணைப்பைத் தளர்த்தியிருக்கும். வழக்கம்போல் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கக்கூடும். தோல் இறுக்க நோயாளியின் விரலில் உயிர்வளி அளக்கும் கருவியை மாட்டினால், குளிர்ந்து குருதியோட்டம் குன்றிய அவ்விரல் பொய்யான எண்ணைக் காட்டும். நெற்றியிலோ காதுமடலிலோ பொருத்தினால்தான் மெய்யளவு தெரியும். சிறியனவாகத் தோன்றும் இவற்றை அறிந்த செவிலியரும் மருத்துவரும் அருகிலிருப்பது அந்த இரவில் ஓர் உயிரின் மதிப்புடையது.

மருந்துச் சீட்டைப் பார்த்தால் இடர் இன்னும் தெளிவாகும். முதலில் வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக் போன்றவை அழற்சியை மட்டும் தணிப்பதில்லை. சிறுநீரகத்துக்குள் செல்லும் நாளத்தை விரித்துவைக்கும் பொருள்களையும் தடுக்கின்றன. வடிகட்டல் குறைந்து உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 2000இல் வெளியான ஆய்வொன்று, இம்மாத்திரைகளை அண்மையில் உட்கொண்ட முதியோர் இதயச் செயலிழப்போடு மருத்துவமனை சேரும் வாய்ப்பு இரு மடங்காவதைக் காட்டியது. நம் ஊர் மருந்துக்கடைகளில் மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமலே இவை கைமாறுவதை அறிவோம். இதயச் செயலிழப்போடு வந்த ஒவ்வொரு மூட்டுவாத நோயாளியிடமும், வீட்டாரிடமும், என்ன மாத்திரை வாங்கிப் போட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்பதே முதல் மருத்துவம்.

அடுத்தது ஸ்டீராய்டு. அது உப்பைத் தேக்கும், குருதியழுத்தத்தை ஏற்றும், சர்க்கரையைக் கூட்டும். எனவே இதய மருத்துவர் அதை நிறுத்த நினைப்பது இயல்பு. ஆனால் திங்கள்கணக்கில் பிரெட்னிசலோன் உட்கொண்டவரின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். கடும் நோயின் நடுவே அம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் குருதியழுத்தம் அடியோடு விழும். இதயம் முற்றிலும் தளர்ந்துவிட்டதென்று மயங்கி, உந்து மருந்துகளை மேன்மேலும் ஏற்றுவார்கள். தேவையானதோ நரம்பு வழியே சிறிது ஹைட்ரோகார்ட்டிசோன். தோல் இறுக்க நோயிலோ நிலைமை நேர்மாறு. நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசலோன் சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடும். அந்நெருக்கடி வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு ஓராண்டுக்குள் இறந்தனர். கேப்டோப்ரில் முதலிய ஏ.சி.இ. தடுப்பு மருந்துகள் வந்தபின்தான் அவர்களில் பலர் பிழைக்கத் தொடங்கினர். வேறு சிறுநீரக நோய்களில் நிறுத்தச் சொல்லும் மருந்தை இங்கே, சிறுநீரகக் கேட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினாலும், விடாது தரவேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பிகள் ரேனோ நிகழ்வைக் கடுமையாக்கி விரல்நுனிப் புண்ணைப் பெரிதாக்கக்கூடும் என்பதால், அங்கும் அளந்தே கால் வைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. இதயம் தளர்ந்து சிறுநீரகத்துக்குக் குருதி குறையும்போது அம்மருந்து உடலில் தேங்கி வாய்ப்புண்ணையும் எலும்பு மச்சைத் தளர்ச்சியையும் உண்டாக்கும். வாரம் ஒருநாள் போடும் மாத்திரையாதலால் சேர்க்கையன்று அதன் பெயர் விடுபட்டுப்போவது எளிது. லூப்பஸ் நோயாளருக்குப் பெருநன்மை செய்யும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஆண்டுக்கணக்கான பயன்பாட்டில் மிகச் சிலரது இதயத் தசையணுவில் படிந்து செயலிழப்பைத் தருவதும் உண்டு. அந்த அரிய நிலைக்கு அஞ்சி எல்லோருக்கும் அதை நிறுத்துவது பிழை. நிறுத்தினால் லூப்பஸ் சீறும்.

அழற்சியே பகையெனில் அழற்சியைத் தடுத்தால் இதயம் மீளாதா என்ற எண்ணம் இயல்பாக எழும். கடுமையான இதயச் செயலிழப்பில் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதை 1990இல் கண்டனர். முடக்குவாதத்தில் அப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் பலரை எழுந்து நடக்கவைத்தன. அதே மருந்து இதயத்தையும் காக்கும் என்ற நம்பிக்கையில் 150 இதய நோயாளரிடம் இன்ஃப்ளிக்சிமாப் தந்து பார்த்தனர். 2003இல் வெளியான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது: கூடிய அளவு மருந்து பெற்றவர்களிடம் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் மிகுந்தன. எட்டனர்செப்ட் மருந்தைக்கொண்டு நடந்த பெரிய ஆய்வுகளும் பயனின்மையால் இடையிலேயே நிறுத்தப்பட்டன. இன்று கடும் இதயச் செயலிழப்புள்ள முடக்குவாத நோயாளருக்கு இவ்வகை மருந்தைத் தவிர்த்து வேறு வழியில் அழற்சியைத் தணிக்கச் சொல்கின்றன வழிகாட்டிகள். பின்னாளில் இன்டர்லூக்கின் ஒன்று பீட்டா என்னும் வேறோர் அழற்சிப் புரதத்தைத் தடுத்த கனகினுமாப் ஆய்வு, மாரடைப்பு கண்ட 10,000க்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்து 2017இல் நற்பயன் காட்டியது. அழற்சி என்று ஒரே சொல்லால் சுட்டினாலும் எந்தப் புரதம், எந்த நிலையிலுள்ள இதயம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மருத்துவமனை இறப்புக் கணக்குகளைப் படிக்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் 1988 முதல் தொகுக்கப்படும் தேசிய உள்நோயாளர் மாதிரித் தரவு, மருத்துவமனையிலிருந்து வெளியேறுவோரில் ஐந்தில் ஒரு பங்கினரின் பதிவுகளைக் கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பதிவுகள். இணைப்புத் திசு நோயுள்ளவர், இல்லாதவர் என இதயச் செயலிழப்பு நோயாளரைப் பிரித்து இறப்பை ஒப்பிட இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் அப்பதிவில் நோயின் தன்மையைச் சொல்பவை நோய்க்குறி எண்கள் மட்டுமே. உந்துவிகிதம் இல்லை, அழற்சியின் அளவு இல்லை, மருந்தின் அளவு இல்லை. ஒருவர் மூன்று முறை சேர்ந்தால் மூன்று பதிவு. வீடு திரும்பிய மறுநாள் இறந்தாலும் பிழைத்தவராகவே கணக்கில் நிற்பார். லூப்பஸ் நோயாளர் பொதுவாக இளையோர். ஏனைய இதயச் செயலிழப்பு நோயாளரோ பெரும்பாலும் முதியோர். அகவையைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் லூப்பஸ் உள்ளவர்களே குறைவாக இறப்பதுபோலத் தோன்றும். முடக்குவாதம் உள்ள பலரையும் தோல் இறுக்க நோய் உள்ள சிலரையும் ஒரே குழுவாகச் சேர்த்தால், சிலரின் பேரிடர் பலரின் நடுநிலைக்குள் கரைந்துபோகும்.

பிரித்து எண்ணினால் காட்சி மாறுகிறது. பிரிட்டனில் 2.2 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளைக்கொண்டு நத்தலி கோன்ராட் குழுவினர் 2022இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், தன்னுடல் தாக்கும் நோயாளர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இதய நாள நோய்களின் இடர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தோல் இறுக்க நோயில் மட்டும் அது மூன்றரை மடங்குக்கு மேல். லூப்பஸில் மூன்று மடங்கை நெருங்குகிறது. மருத்துவமனைக்கு வெளியே பின்தொடர்ந்த கணக்கும் இவ்வாறே பேசுகிறது. ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் இதயச் செயலிழப்பு கண்ட ஓராண்டுக்குள், முடக்குவாதம் உள்ளோரில் நூற்றுக்கு 35 பேர் இறந்தனர். இல்லாதோரில் 19 பேர். முடக்குவாதம் உள்ளோருக்கு உயர் குருதியழுத்தமும் தமனி நோயும் ஒப்பீட்டில் குறைவாகவே இருந்தன என்பதையும் இக்கணக்கைத் தந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு குறித்துள்ளது. இதய நோயின் வழக்கமான அடையாளங்கள் குறைவாக இருந்ததாலேயே அவர்களைக் கண்டறிவதும் மருந்து தொடங்குவதும் பின்தங்கியிருக்கக்கூடும் என்று நான் கருதுகிறேன்.

விறைத்த இதயத்துக்கு நெடுங்காலம் உருப்படியான மருந்து இல்லை. எம்பாகிளிப்ளோசின் 2021இலும் டாபாகிளிப்ளோசின் 2022இலும், உந்துவிகிதம் குன்றாத செயலிழப்பில் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதைப் பெரிய ஆய்வுகள் நிறுவின. முடக்குவாத நோயாளருக்கு மிகுதியாக வருவது அவ்வகையே என்பதால் இது பெரும் ஆறுதல். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்போரிடம் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றும் சிறுநீர்த் தொற்றும் வராதபடி கண்காணித்து இவற்றைத் தரலாம்.

வீடு திரும்பிய 7 முதல் 14 நாள்களுக்குள் இதயச் செயலிழப்பு நோயாளியை மீண்டும் பார்க்க வேண்டும் என்பது இன்றைய முறை. இணைப்புத் திசு நோயுள்ளவருக்கு அந்தச் சந்திப்பு இதய மருத்துவரும் மூட்டுவாத மருத்துவரும் ஒருசேர இருந்து நடத்துவதாக அமையவேண்டும். எடையும் குருதியழுத்தமும் பார்த்து அனுப்பிவிடலாகாது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, அழற்சி தணிந்ததா, ஸ்டீராய்டு அளவை எவ்வளவு மெல்லக் குறைப்பது, வலி மாத்திரைக்கு மாற்றாக எதைத் தருவது, நிறுத்திவைத்த மெத்தோட்ரெக்சேட்டை எந்தக் கிழமை மீண்டும் தொடங்குவது என்பவை அன்றே, ஒரே சீட்டில், நோயாளிக்கு விளங்கும் தமிழில் எழுதப்பட வேண்டும்.